எங்கள் பத்து ஆண்டுக்கு உங்கள் விதியில் ஒரு வரி வேண்டும்

துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், மாநிலக் கவுன்சில்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

நான் பத்து ஆண்டுகளாக ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். போன மாணவர் சேர்க்கை நேரத்தில், விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் சேர முடியுமா என்று கேட்க ஒரு கல்லூரிக்குப் போனேன். ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல், விலங்கியல் பட்டச் சான்றிதழ், பத்து ஆண்டு அனுபவச் சான்றிதழ் என்று மூன்றையும் கொண்டுபோயிருந்தேன். அலுவலர் முதல் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். மூன்றாவதை மடித்தது மடித்தபடி திருப்பிக் கொடுத்தார். "இதை எங்க எழுதுறதுன்னே ஃபார்ம்ல இடம் இல்லம்மா" என்றார்.

அவர் மேல் எனக்குக் குறையில்லை. மரியாதையாகத்தான் பேசினார், உள்ளதைத்தான் சொன்னார். சேர்வதானால் முதலாம் ஆண்டின் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று ஆண்டு முழுநேர வகுப்பு, அதன் மேல் ஓர் ஆண்டு இன்டர்ன்ஷிப். வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். நான் பார்த்த ஒரு ராத்திரி ஷிஃப்ட்கூட அங்கே கணக்கில் வராது.

அந்தக் கல்லூரி எனக்குப் புதிதல்ல. அதற்கு முன் இரண்டு முறை அவர்களே அழைத்துப் போயிருக்கிறேன். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு, அடிபட்டவரை, முதுகெலும்பு அசையாமல் கொண்டுபோகும் பலகையான ஸ்பைன் போர்டில் எப்படி ஏற்றுவது, குறுகலான மாடிப்படியில் எப்படித் திருப்பி இறக்குவது என்று செய்து காட்டச் சொன்னார்கள். யார் தலைமாட்டில் நிற்க வேண்டும், யார் எண்ண வேண்டும், தலையைப் பிடித்தவர் சொல்லும்வரை ஏன் ஒருவரும் அசையக் கூடாது என்பதையெல்லாம் தரையில் மண்டியிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். நான் கற்றுக்கொடுத்த அந்த வகுப்பில் மாணவியாக உட்காரத்தான் எனக்கு வழியில்லை.

இந்த மடலை எழுதுவது பட்டப்படிப்பு தேவையில்லை என்று சொல்வதற்காக அல்ல. அப்படி யாராவது சொன்னால் முதலில் மறுப்பவள் நானாகத்தான் இருப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த பயிற்சி 50 நாள். அதில் பாதி வகுப்பறை, மீதி மருத்துவமனையும் வண்டியும். அந்த முதல் ஆண்டில் ஒரு பைக் விபத்து. இளைஞர், இருபத்தைந்துகூட இருக்காது. ஹேண்டில்பார் நெஞ்சில் குத்தியிருந்தது. வெளியே பெரிய ரத்தம் இல்லை, நினைவும் இருந்தது. கழுத்துக்குக் காலர் போட்டேன், போர்டில் ஏற்றினோம், ஆக்சிஜன் மாஸ்க் வைத்தேன். சொல்லிக்கொடுத்ததையெல்லாம் வரிசை மாறாமல் செய்தேன். ஆனால் போகப்போக அவருக்கு மூச்சு விடவே முடியவில்லை. நெஞ்சின் ஒரு பக்கம் ஏறி இறங்குகிறது, மறு பக்கம் அப்படியே நிற்கிறது. கழுத்து நரம்புகள் கயிறு போலப் புடைத்திருந்தன. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு குறைந்துகொண்டே வந்தது. நான் ஆக்சிஜனைக் கூட்டினேன். டிரைவர் அண்ணனிடம் "இன்னும் வேகமா போங்கண்ணே" என்றேன். எனக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான்.

பெரிய மருத்துவமனையின் கேஷுவாலிட்டி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது துடிப்பு நின்றுவிட்டது. டாக்டர்கள் வெகுநேரம் போராடினார்கள். பிறகு பணியிலிருந்த பி.ஜி. டாக்டர் என்னை ஓரமாக அழைத்து, "டென்ஷன் நியூமோதோராக்ஸ் கேள்விப்பட்டிருக்கீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். அன்றுதான் அந்த வார்த்தையை முதல் தடவை கேட்டேன். நுரையீரலுக்கு வெளியே காற்று அடைத்துக்கொண்டு, நுரையீரலையும் இதயத்தையும் ஒரு பக்கமாகத் தள்ளி நெருக்கும். நெஞ்சில் ஓர் ஊசியைச் செலுத்தி அந்தக் காற்றை வெளியேற்றினால் சில நொடிகளில் மூச்சு திரும்பலாம். அந்த ஊசியைப் போடும் அதிகாரம் எனக்கு இல்லை, சரி. ஆனால் இன்னதுதான் நடக்கிறது என்று தெரிந்திருந்தால், வரும் வழியில் தாண்டி வந்தோமே ஒரு சிறிய மருத்துவமனை, அதன் வாசலில் வண்டியைத் திருப்பியிருப்பேன். அங்கே டாக்டர் இருந்தார். போனில் கிடைக்கும் மருத்துவரிடம் "ஒரு பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை, கழுத்து நரம்பு புடைச்சிருக்கு, பிரஷர் இறங்குது" என்று மூன்றே விஷயம் சொல்லியிருப்பேன்.

அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிழைக்க இருந்த ஒரு வாய்ப்பை நான் அடையாளம் காணவில்லை. அதை இன்றுவரை சுமக்கிறேன். எனவே படிப்பின் அளவை உயர்த்துகிறோம் என்று நீங்கள் சொல்லும்போது உங்களைவிட அதிகமாக அதை விரும்புகிறவர்கள் நாங்கள்தான் என்பதை நம்புங்கள்.

இனி உங்கள் சட்டத்துக்கு வருகிறேன். 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தை வரி வரியாகப் படித்தேன். ஷிஃப்ட் முடிந்த காலை வேளைகளில், வண்டியிலேயே உட்கார்ந்து. அட்டவணையில் 'எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட், பாராமெடிக்' என்று ஒரு தொழிலின் பெயரைப் பார்த்தபோது கண் கலங்கியது. நம் நாட்டில் பாராமெடிக்கல் என்றால் லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் எல்லாம் சேர்ந்த பொதுப்பெயர். ஆம்புலன்ஸில் ஓடுகிறவருக்கென்று சட்டத்தில் தனியாக ஒரு பெயர் இருந்ததில்லை. அந்தப் பெயரை ஒரு சட்டம் எழுதி வைத்திருப்பது சின்ன விஷயமல்ல.

அதே சட்டம் தகுதியையும் சொல்கிறது. துணை மருத்துவத் தொழிலர் என்றால் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவிய, 2,000 மணி நேரத்துக்குக் குறையாத டிப்ளமோ அல்லது பட்டம். சுகாதாரத் தொழிலர் என்றால் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டம். நல்ல அளவுகோல்தான். ஆனால் இன்று நாட்டின் ஆம்புலன்ஸ்களில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்? என்னைப் போன்றவர்கள் ஏராளம். விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் என்று ஏதோ ஒரு பட்டம் முடித்து, சில வாரப் பயிற்சியோடு வண்டியில் ஏறியவர்கள். அந்தப் பட்டம் இந்தத் துறைப் பட்டம் அல்ல. அந்தப் பயிற்சி 2,000 மணி நேரத்துக்குக் கிட்டவே வராது. அப்படியானால் நாங்கள் எந்தப் பதிவேட்டில், எந்தப் பெயரில் இருக்கப்போகிறோம்?

கணக்கையும் பாருங்கள். எங்களுக்கு 12 மணி நேர ஷிஃப்ட். மாதம் 22 ஷிஃப்ட் என்று குறைத்தே வைத்தாலும் ஆண்டுக்கு 3,168 மணி நேரம். வண்டியில் இருந்த நேரமெல்லாம் படித்த நேரம் ஆகாது, அது எனக்குத் தெரியும். பாதி ராத்திரி அழைப்புக்குக் காத்திருப்பதிலேயே போகும். மேற்பார்வை இல்லாமல் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தால் தப்பும் சேர்ந்தே பழகிவிடும். இருந்தாலும் பத்து ஆண்டுக்கு மதிப்பு சைபர் என்பது எந்தக் கணக்கு?

பட்டம் முடித்த பிள்ளைகள் எங்கள் இடத்துக்கு வந்துவிட்டால்கூட ஒரு ஆறுதல் இருக்கும். நான் சொல்லிக்கொடுத்த அந்த வகுப்புகளின் மாணவர்களில் எனக்குத் தொடர்பில் இருப்பவர்கள் மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் இருக்கிறார்கள், சிலர் ஆபரேஷன் தியேட்டரில், சிலர் வெளிநாட்டில். ஆம்புலன்ஸுக்கு ஒருவரும் வரவில்லை. இன்டர்ன்ஷிப்பில் ஒரு மாதமாவது வண்டியில் ஏறியதுண்டா என்று கேட்டேன். எல்லாமே ஆஸ்பத்திரிக்குள்தான் என்றார்கள். ஈ.சி.ஜி.யை என்னைவிடப் பல மடங்கு நன்றாகப் படிக்கிறார்கள். ஆனால் மழையில், இருட்டில், பத்துப் பேர் சுற்றி நின்று ஆளுக்கொன்று கத்தும் இடத்தில், அந்த ஈ.சி.ஜி. எடுக்கும் முன் செய்ய வேண்டியது என்ன என்பதை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. படித்தவர் வண்டியில் இல்லை, வண்டியில் இருப்பவருக்குப் படிக்க வழியில்லை. நடுவில் கிடப்பது நோயாளி.

இந்தத் தொழில் பிறந்த கதைகளில் ஒன்றையும் நீங்கள் அறிவீர்கள். 1967-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலை கிடைக்காமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்தார்கள், அவர்களில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் இருந்தார்கள். மூச்சு நின்றவரை மீட்கும் முறைகளை வகுத்த டாக்டர் பீட்டர் சஃபார், அவர்களுக்கென்று ஏறக்குறைய 300 மணி நேரப் பாடத்திட்டம் எழுதினார். உடற்கூறியல், முதலுதவி, அறுவை அரங்கில் மூச்சுக்குழாய் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. பின்னால் டாக்டர் நான்சி கரோலின் அவர்களோடு வண்டியில் ஏறி வேலை செய்தார், அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய பாடத்திட்டம்தான் அந்த நாட்டின் பாராமெடிக் பயிற்சிக்கே அடிப்படையானது. 'இவர்களுக்கு என்ன தகுதி' என்று வாசலில் நிறுத்தியிருந்தால் அந்தப் பாடத்திட்டமே பிறந்திருக்காது.

அந்தக் கதையின் முடிவுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. 1975-ல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது. ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அதன் ஆட்கள் புதிய சேவைக்குள் வந்தார்கள், ஆனால் புதிய தேர்வுகளும் விதிகளும் அவர்களில் பலரை வெளியே தள்ளின. பலருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியவர்களுக்கு எடுபிடி வேலை கொடுத்தார்கள். ஒரு தொழிலுக்கு முன்னோடியாக இருந்தவர்களில் பலர் அந்தத் தொழிலுக்கே தகுதியற்றவர்கள் ஆனார்கள். நம் நாட்டில் அது நடக்கக் கூடாது.

தரத்தை உயர்த்திய நாடுகள் கதவை அடைத்துவிட்டுத்தான் உயர்த்தின என்று யாரும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் பாராமெடிக் ஆவதற்கான பயிற்சி பட்டப்படிப்பு அளவுக்கு உயர்த்தப்பட்டது. ஆனால் கல்லூரிக்கு நேரடியாகப் போவது மட்டும் அங்கே வழியல்ல. ஆம்புலன்ஸில் சம்பளம் வாங்கிக்கொண்டே படித்து அதே பட்டத்தைப் பெறும் அப்ரண்டிஸ் முறையும் இருக்கிறது. அமெரிக்காவில் பாராமெடிக் படிப்புக்குப் போக வேண்டும் என்றால் முதலில் இ.எம்.டி., அதாவது ஆம்புலன்ஸில் அடிப்படை அவசர உதவி செய்பவருக்கான சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அங்கே முதல் படியாக இருக்கும் வேலை, இங்கே விண்ணப்பப் படிவத்தில் எழுதக்கூட இடமில்லாத வேலை.

எனக்குப் படிக்க ஆசை இருக்கிறது, ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்கிறது. என்னோடு வரும் டிரைவர் அண்ணனின் நிலை இன்னும் மோசம். பத்தாம் வகுப்பு. விதிப்படி அவர் வண்டி ஓட்ட வந்தவர். நடப்பது என்னவென்று சொல்கிறேன்.

ஒரு ராத்திரி பிரசவ வலி என்று அழைப்பு. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே தலை தெரிந்துவிட்டது. சாலையோரம் நிறுத்தச் சொன்னேன். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, எடுத்துவிட்டேன். குழந்தை வெளியே வந்தது, அழவில்லை. நீலம் பாரித்து, துணி போலத் துவண்டு கிடந்தது. துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன். அசைவில்லை. அந்த நேரத்தில் ஒரு கையால் அம்மாவையும் பார்க்க வேண்டும், ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. நான் வாயைத் திறக்கும் முன் அண்ணன் பின்கதவைத் திறந்து ஏறி, மூச்சைச் செலுத்த உதவும் பையான ஆம்பு பேக்கில் குழந்தைக்கான சின்னதை எடுத்துக் கையில் கொடுத்தார். தோளுக்கடியில் துணியை மடித்து வைத்துத் தலையை நேராக்கினார். நான் மாஸ்க்கைப் பொருத்தி அழுத்த, அவர் தொப்புள்கொடியின் அடியில் இரண்டு விரலை வைத்துத் துடிப்பைத் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. குழந்தை முகத்தைச் சுளித்து, பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டது. "சிஸ்டர், அழுதுருச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

இதை அவருக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றார். நினைவில் வையுங்கள், அவர் தப்பாகவும் கற்றிருக்கலாம். சரியாகக் கற்றது எங்கள் அதிர்ஷ்டம். அவருக்கு முறையாகக் கற்றுக்கொடுக்க எங்கள் வேலையில் ஏன் ஒரு படிகூட இல்லை? பத்தாம் வகுப்போடு வந்தவர் இன்னும் இருபது ஆண்டு கழித்தும் அதே இடத்தில்தான் இருப்பார் என்று ஒரு விதி எழுதப்படாமலேயே இருக்கிறது.

2021-ல் வந்த சட்டத்தை இரண்டு மாதத்துக்குள் அமல்படுத்துங்கள் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. இத்தனை ஆண்டும் பொறுத்தோம். இப்போது பாடத்திட்டங்களும் பதிவேடுகளும் உருவாகிற நேரத்தில் எங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் போய்விட்டால், பிறகு அதைத் திருத்த இன்னொரு பத்து ஆண்டு ஆகும். எனவே கேட்க வேண்டியதை இப்போதே கேட்கிறேன்.

ஆம்புலன்ஸில் ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்த மருத்துவ உதவியாளர்களுக்கு ஒரு பிரிட்ஜ் கோர்ஸ், அதாவது இருக்கும் அனுபவத்திலிருந்து பட்டத்துக்குப் போக உதவும் இணைப்புப் படிப்பு கொண்டுவாருங்கள். எங்களுக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்பதை முதலில் ஒரு செய்முறைத் தேர்வில் சோதியுங்கள். நோயாளியாக ஒருவரைப் படுக்க வையுங்கள், பொம்மையைக் கொடுங்கள், கேள்வி கேளுங்கள். தேறிய பகுதிகளுக்கு மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். தேறாத பகுதிகளை முழுதாகப் படிக்க வையுங்கள். இலவசமாகப் பட்டம் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த பைக் விபத்துக்குப் பிறகு அப்படிக் கேட்க எனக்கு வாய் வராது.

அந்தப் படிப்பை வேலையை விடாமல் படிக்கும்படி அமையுங்கள். ஷிஃப்டுக்கு ஏற்ற வகுப்பு, மாதத்துக்குச் சில நாள் மருத்துவமனையில் மேற்பார்வையோடு பயிற்சி. படிக்கும் நாட்களைப் பணி நாட்களாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சேவையை நடத்துகிறவர்களின் ஒப்பந்தத்திலேயே மாநில அரசுகள் சேர்க்க வேண்டும். சம்பளத்தை இழந்து படிக்கச் சொன்னால் எங்களில் ஒருவரும் வர முடியாது. வீட்டில் அடுப்பு எரிவது இந்தச் சம்பளத்தில்தான்.

பத்தாம் வகுப்பு முடித்த ஓட்டுநர்களுக்கு முதல் நிலைச் சான்றிதழ் ஒன்று, அதிலிருந்து டிப்ளமோ, அதிலிருந்து பட்டம் என்று ஏணி வையுங்கள். நடுவில் ப்ளஸ் டூ அறிவியல் இல்லாதவர்களுக்கு அந்தப் பாடங்களை மட்டும் தனியாகப் படித்துத் தேறும் வாய்ப்பு கொடுங்கள். தேர்வைத் தாய்மொழியில் எழுத விடுங்கள். மருந்தின் பெயரும் அளவும் ஆங்கிலத்தில் தெரிந்தால் போதும். மூச்சுத் திணறல் எப்படி வருகிறது என்பதை ஒருவர் தன் மொழியில் விளக்க முடிந்தால் அவருக்கு அது தெரியும் என்றுதான் அர்த்தம்.

பட்டப்படிப்பு மாணவர்களின் இன்டர்ன்ஷிப்பில் ஆம்புலன்ஸ் பணியைக் கட்டாயமாக்குங்கள். ஒன்றிரண்டு நாள் சுற்றுலாவாக இல்லாமல், ராத்திரி ஷிஃப்டும் சேர்த்து சில மாதங்கள். அவர்களை வழிநடத்த அனுபவமுள்ள எங்களைப் பயிற்றுநராக முறைப்படி நியமியுங்கள். இப்போதும் அந்த வேலையைச் செய்கிறோம், பெயரில்லாமல்.

பிரிட்ஜ் கோர்ஸ் நடைமுறைக்கு வரும்வரை, இன்று வேலையில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் பணிக்காலத்தோடு தற்காலிகமாகப் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தம் கைமாறினாலும் நிறுவனம் மாறினாலும் அந்தப் பதிவு எங்களோடு வர வேண்டும். மாணவர் சேர்க்கைப் படிவத்தில் பணி அனுபவத்துக்கு ஒரு கட்டம் போடச் சொல்லிக் கல்லூரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. அதை இந்த மாதமே செய்யலாம்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க முடியாது, ஏன் முடியாது என்பதை அடுத்த சேர்க்கை அறிவிப்பு வெளியாகும் முன் எழுத்தில் தெரிவியுங்கள். விதிகளை இறுதி செய்யும் முன் ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவர்களை நேரில் அழைத்துக் கேளுங்கள், ஓட்டுநர்களையும் சேர்த்து. எங்கே எப்போது என்று சொன்னால் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வருகிறோம். திருப்பித் தரப்பட்ட அந்தச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வருவேன். ஒரு முறை பிரித்துப் படியுங்கள்.

இப்படிக்கு,
பத்து ஆண்டாக ஆம்புலன்ஸில் பணியாற்றும் மருத்துவ உதவியாளர் ஒருவர்